மனைவிக்குச் சாப்பாடு கட்டும் தையல்காரனின் கணக்கு

மதுரை வண்டியூரில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். மனைவி மேல மாசி வீதிப் பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். காலை எட்டேகாலுக்கு டவுன் பஸ் ஏறினால் ராத்திரி ஏழுக்குத்தான் வீடு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆக, போக வரச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தை மதியச் சாப்பாடு சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.

இரண்டு வருஷமாக நான்தான் அவளுக்குச் சாப்பாடு கட்டுகிறேன். ஆரம்பத்தில் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஆம்பளை டப்பா கட்டுறானாக்கும்" என்று பக்கத்து வீட்டில் பேசுவார்களாம். பேசினார்கள். இப்போது அந்த வீட்டிலிருந்தே புளிக்காய்ச்சல் கேட்டுக் கிண்ணம் வருகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் மாதம் எழுத மட்டும் செய்யுங்கள்

நாளையிலிருந்தே கட்டிக் கொடுக்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், ஒரு மாதம் பொறுங்கள் என்பேன். வெட்டுவதற்கு முன்னால் அளவெடுக்க வேண்டும். நான் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் ராத்திரி அவளிடம் கேட்டு எழுதினேன். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு, யாரோடு. "என்னங்க, ரெய்டுக்கு வந்த ஆள் மாதிரி கேக்குறீங்க" என்றாள். இருந்தாலும் சொன்னாள்.

அந்த மாதம் 25 வேலை நாள். 14 நாள் மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு, 110 ரூபாய். 8 நாள் கலவை சாதப் பொட்டலம், 60 ரூபாய். 3 நாள் கூட வேலை பார்ப்பவர்களோடு பிரியாணி, 180 ரூபாய். கூட்டினால் 2,560. நாலு மணிக்கு டீயும் வடையும் தினம் 20 என்றால் 500. மொத்தம் 3,060 ரூபாய். அவள் கணக்கு எழுதுகிறவள்; அவளே அந்தத் தொகையை எதிர்பார்க்கவில்லை.

தொகையைவிட முக்கியமாக வேறொன்று அந்தப் பக்கத்தில் தெரிந்தது. மெஸ்ஸுக்குப் போன 14 நாளும் பசிக்காகப் போனவை. பொட்டலம் வாங்கிய 8 நாளும் எழுந்து போக நேரம் இல்லாதவை. பிரியாணி நாள் மூன்றும் சிநேகிதத்துக்காக. மூன்றும் வேறு வேறு. பசி நாளுக்கு நல்ல சாப்பாடு கட்டினால் போதும். நேரமில்லாத நாளுக்கு ஒரு கையால் சாப்பிடுவது போல ஏதாவது வேண்டும். சிநேகித நாளைத் தொடவே கூடாது. அதைத் தொட்டால் பத்தே நாளில் டப்பா கட்டுவது நின்றுபோகும். மாதம் இரண்டு நாள் வெளியே சாப்பாடு என்று நாங்களே ஒதுக்கிவிட்டோம். அந்த இரண்டு நாளை அவள்தான் தேர்ந்தெடுப்பாள்.

வீட்டில் ஒரு சாப்பாடு என்ன விலை?

இதில்தான் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள், இரண்டு பக்கமும். "வீட்டில் இருப்பதைத்தானே கட்டுகிறோம், செலவே இல்லை" என்பவர்கள் ஒரு பக்கம். "கேஸ், எண்ணெய் எல்லாம் சேர்த்தால் கடையே மேல்" என்பவர்கள் இன்னொரு பக்கம். என் கணக்கு இது. கிலோ 60 ரூபாய் பொன்னி புழுங்கலில் ஒரு ஆளுக்கு நூறு கிராம் சொச்சம், 6 ரூபாய். 30 கிராம் பருப்பு, நாலரை. காய் 5 அல்லது 6. எண்ணெய் 3. புளி, வற்றல், தாளிப்புச் சாமான் 3. தயிருக்கான பால் 7. கேஸுக்கு ஒரு 4. எல்லாம் சேர்த்து 33 ரூபாய் வருகிறது. முட்டை வைக்கும் நாளையும் சமாளிக்க 35 என்று வைத்துக்கொண்டேன்.

கேஸுக்கு 4 ரூபாய் போட்டதுகூட ஒரு நியாயத்துக்குத்தான். நானும் அம்மாவும் மதியம் வீட்டில் சாப்பிடுகிறவர்கள். பன்னிரண்டு மணிக்குச் சமைத்ததைக் காலை ஆறேகாலுக்கு மாற்றினேன், அவ்வளவுதான். மூன்றாவது ஆளுக்கு அரிசி கொஞ்சம் கூடும், அடுப்பு பெரிதாகக் கூடாது. சிலிண்டர் முன்பும் ஒன்றரை மாதம் வந்தது, இப்போதும் அப்படியே வருகிறது. இதற்காகவே தனியாக அடுப்பு மூட்டுகிற வீடாக இருந்தால் கேஸ் கணக்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அரிசி 2011-லிருந்து இலவசம். எங்கள் வீட்டில் ரேஷன் புழுங்கலரிசி இட்லி மாவுக்குப் போகும், பருப்பு சாம்பாருக்கு. அந்த ஒரு கிலோ பருப்பு மாதக் கடைசியில் தெரியும். வாங்க மறந்த மாதம் அதைவிட நன்றாகத் தெரியும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே அம்மா உணவகம் இருந்தால் அதோடு யாரும் போட்டி போட முடியாது. 2013-ல் ஆரம்பித்தபோதே சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அந்த விலைக்கு என்னால் தாளிக்கக்கூட முடியாது.

அளவு

ஆரம்பத்தில் நான் செய்த பெரிய தப்பு, அதிகமாக வைத்தது. ஒரு ஆழாக்கு அரிசிச் சோற்றை அமுக்கி அமுக்கி வைத்தேன். பாசமாம். கால்வாசி திரும்பி வந்தது. ராத்திரி அதைப் பார்த்து அம்மா முகம் சுளிக்க, இவள் "வேலை இருந்துச்சு அத்தை" என்று சமாளிக்க, வீட்டில் ஒரு மாதிரியாக இருந்தது. திரும்பி வரும் சோறுதான் மிகவும் விலை உயர்ந்த சோறு. அதைச் சமைத்த காசும் போகிறது, பசிக்கு நாலு மணிக்கு வாங்கும் பப்ஸ் காசும் போகிறது.

முக்கால் ஆழாக்கில் வந்து நின்றது. கிராமில் சொன்னால் நூற்றைந்து வரும். தயிர் சாதத்துக்கு அரை ஆழாக்கே போதும், பாலும் தயிரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டு அளவு வேறாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க நோட்டில் இன்னொரு வரி: இன்று என்ன திரும்பி வந்தது. சோறா, காயா, இரண்டுமா. ஒரு மாதம் இதை எழுதினால் சமையல் புத்தகம் எதுவும் வேண்டாம். பீட்ரூட் பொரியல் நாலு முறை வைத்து நாலு முறையும் அப்படியே வந்தது. அவள் ஒரு நாளும் பிடிக்காது என்று சொன்னதில்லை. டப்பாதான் சொன்னது.

டப்பா

வீட்டில் கிடந்த பிளாஸ்டிக் டப்பாவில்தான் தொடங்கினேன். மூன்றாம் நாள் ரசம் ஒழுகி, ஆடிட்டரிடம் கணக்கு கொடுக்கிற யாரோ ஒரு கட்சிக்காரருடைய பில் கட்டு மஞ்சளாகிவிட்டது. அவள் அன்று கேட்ட பேச்சு என்னால்தான். அடுத்த நாளே டவுனுக்குப் போய் எவர்சில்வரில் இரண்டு டப்பா வாங்கினேன். நான்கு பக்கமும் கிளிப், மூடிக்குள் சிலிக்கான் வாஷர். பெரியது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், சின்னது கால் லிட்டர். கூட ஒரு குட்டிச் சம்படம், ஊறுகாயோ துவையலோ வைக்க. எல்லாம் சேர்த்து 740 ரூபாய். முதல் மாத மிச்சத்தில் பாதி இதிலேயே போயிற்று. போகட்டும்.

கடையிலேயே சோதிக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் நிரப்பி, மூடி, பழைய பேப்பர் மேல் தலைகீழாகக் கால் மணி நேரம் வையுங்கள். பேப்பர் நனைந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், பில் பத்திரம். வாஷரை வாரம் ஒரு முறையாவது கழற்றிக் கழுவ வேண்டும். அதன் அடியில் பருப்புத் தண்ணீர் தங்கி நாறும். டப்பா நாறுகிறது என்று தூக்கிப் போடுகிறவர்கள் பலரும் வாஷரைக் கழற்றியே பார்த்திருக்க மாட்டார்கள்.

ரசம், மோர், தண்ணியான குழம்பு மூன்றையும் நான் பஸ்ஸில் அனுப்புவதை விட்டுவிட்டேன். கிளிப் டப்பாவாகவே இருந்தாலும். டவுன் பஸ் கூட்டத்தில் பை நெஞ்சோடு அழுந்தும், மூடி எந்தப் பக்கம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

என் தொழிலால் வந்த ஒரு வசதி துண்டுத் துணி. காடா, மல் போன்ற பருத்தி வெட்டுகளைக் கஞ்சி போகத் துவைத்து, ஓரம் அடித்து, ஒரு டஜன் வைத்திருக்கிறேன். சப்பாத்தியையும் இட்லியையும் இதில் சுற்றி வைத்தால் ஆவி வேர்த்துச் சொதசொதக்காது. பழைய வேட்டித் துண்டும் போதும். பாலியஸ்டர் வேண்டாம், அது ஈரத்தைக் குடிக்காது.

ராத்திரி கால் மணி, காலையில் முக்கால் மணி

காலையில் யோசித்தால் தோற்றீர்கள். என்ன கட்டுவது என்பது ராத்திரியே முடிவாகிவிட வேண்டும். கடையை மூடியதும் காயை நறுக்கி ஈரமில்லாத டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். உருளையையும் வாழைக்காயையும் மட்டும் நறுக்க மாட்டேன், கறுத்துவிடும். வெங்காயம் உரித்து வைப்பேன், வெட்டுவது காலையில்தான்.

காலை ஆறேகாலுக்குக் குக்கர். அடியில் பருப்பு, மேல் தட்டில் அரிசி, அரிசிக்கு மேல் ஒரு கிண்ணத்தில் முழு உருளைக்கிழங்கு. ஒரே ஆவியில் மூன்றும் வேகும். குக்கர் தானாக அடங்குகிற நேரத்தில் பக்கத்து அடுப்பில் தாளிப்பும் பொரியலும். ஏழு மணிக்குச் சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பி ஃபேனுக்கு அடியில் வைப்பேன். இந்த ஒரு வேலையை மட்டும் எவ்வளவு அவசரமானாலும் விடுவதில்லை. சுடச்சுட அடைத்து மூடினால் மூடியில் வேர்க்கும், அந்தத் தண்ணீர் சோற்றிலேயே சொட்டும், மதியம் வாடை வரும்.

இதில் ஒரு காரணமும் இருக்கிறது. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும், கொதித்தாலும் சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் ராத்திரி மேடையில் வெளியே கிடந்த சோற்றைக் காலையில் எலுமிச்சை பிழிந்து கிளறிக் கட்டும் சிக்கனம் வேண்டவே வேண்டாம். ஐந்து ரூபாய் அரிசியை மிச்சம் பிடித்து ஐந்நூறு ரூபாய் டாக்டருக்குக் கொடுத்த கதை எங்கள் தெருவிலேயே உண்டு.

எது மதியம் வரை தாங்கும்

ஏழேமுக்காலுக்குக் கட்டுகிறேன், அவள் ஒன்றேகாலுக்குத் திறக்கிறாள். ஐந்தரை மணி நேரம். மார்கழியில் கவலை இல்லை. சித்திரை, வைகாசி மதுரை வெயிலில் தேங்காய் எது, புளி எது என்று பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

புளிப்பு சாப்பாட்டைக் காக்கும். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர் சாதம் மூன்றும் அந்தக் காலத்திலிருந்து கட்டுச்சோற்றில் இருப்பது சும்மா இல்லை. தேங்காய் நேர் எதிர். பச்சைத் தேங்காய்ச் சட்னி, தேங்காய்ச் சாதம், தேங்காய் அரைத்த கூட்டு எல்லாம் வெயில் நாளில் பதினொரு மணிக்கே நூல் விட ஆரம்பிக்கும். ஒரு மே மாதம் தேங்காய்ச் சாதம் கட்டி அனுப்பி, அன்று அவள் பிஸ்கட்டில் மதியத்தை ஓட்டினாள். பொரியலுக்குத் தேங்காய்ப் பூவுக்குப் பதில் பொட்டுக்கடலையையும் ஒரு வற்றலையும் பொடித்துத் தூவிப் பாருங்கள். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், ருசியும் மோசமில்லை.

புளிக்காய்ச்சல் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை. நூறு கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்துக்கொள்வேன். நல்லெண்ணெய் நூறு மில்லிக்குக் குறையாமல். கடுகு, கடலைப்பருப்பு, வற்றல் பத்துப் பன்னிரண்டு, வேர்க்கடலை, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, கரைசலை ஊற்றி, மஞ்சள் தூளும் உப்பும் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும் வரை பொறுமை வேண்டும். அவசரப்பட்டு முன்னமே இறக்கினால் நாலு நாளில் பூத்துவிடும். இறக்கும்போது மல்லி, வெந்தயம், எள் வறுத்துப் பொடித்ததும் ஒரு துண்டு வெல்லமும். ஈரக் கரண்டி போடக் கூடாது. எண்ணெய்க்குக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், அதுதான் காவல். காலையில் சோற்றில் இரண்டு கரண்டி போட்டுக் கிளறினால் ஐந்து நிமிஷத்தில் டப்பா தயார். பஸ்ஸைத் தவறவிடப்போகிற காலைகளில் இந்தச் சம்படம்தான் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

தயிர் சாதத்தை அம்மாதான் எனக்குத் திருத்திக் கொடுத்தார். நான் தயிரை ஊற்றிப் பிசைந்து அனுப்ப, மதியத்துக்குள் புளித்து மூக்கைப் பிடிக்கவைத்தது. அம்மா சொன்னது: சோற்றைக் குழைய மசித்து, வெதுவெதுப்பான பாலை ஊற்றி, அதில் ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து அனுப்பு. ஐந்து மணி நேரத்தில் டப்பாவுக்குள்ளேயே உறைந்து, திறக்கும்போது புதுத் தயிர் சாதமாக இருக்கும். வெயில் காலத்தில் அரை ஸ்பூன், மார்கழியில் ஒன்றரை ஸ்பூன். பால் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும், மதியம் இறுகும். வெள்ளரிக்காய் போட்டால் தண்ணீர் விடும், கேரட் துருவல் பரவாயில்லை. பச்சை வெங்காயம் வேண்டவே வேண்டாம்.

எலுமிச்சைச் சாதத்துக்கு ஒரே ஒரு குறிப்பு. அடுப்பை அணைத்த பிறகு சாற்றைப் பிழியுங்கள். கொதிக்கும் எண்ணெயில் விட்டால் கசக்கும்.

தொட்டுக்கொள்ள வாழைக்காய் வறுவல், உருளை, சேனை, பீன்ஸ், நீர் வற்ற வதக்கிய வெண்டைக்காய் எல்லாம் தாங்கும். கீரை, சுரைக்காய், பூசணி மூன்றும் எங்களுக்கு வீட்டில். மோர்மிளகாயும் வடகமும் பங்குனி வெயிலில் மாடியில் காயப்போட்டு வைத்தால் காய் இல்லாத காலைக்கு ஆகும். அப்பளத்தைத் தனித் துணியில் சுற்றி அனுப்பினாலும் நமத்துவிடுகிறது. அதற்கு வழி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

முட்டை வாரம் இரண்டு நாள், பொடிமாஸாகவோ, மிளகு போட்டுப் பிரட்டியோ. கருவாட்டுக் குழம்பு ஒரே ஒரு முறை அனுப்பினேன். ஆடிட்டர் அறையில் ஏ.சி. ஓடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று மாலை அவள் பேசவே இல்லை. கருவாடு இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

காய்க்கு நான் அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போகிறேன். தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை அதுதான், 1999 நவம்பரில் திறந்தது. விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள், பேரம் இல்லை. தராசும் சரியாக இருக்கும். ஞாயிறு காலை சைக்கிளில் போய், ஒரு வாரத்துக்குத் தாங்குகிற காய் பாதி, இரண்டு நாளில் வதங்குகிற காய் பாதி என்று வாங்குவேன். வதங்குவது திங்கள், செவ்வாய்க்கு. சேனையும் உருளையும் வெள்ளி, சனிக்கு. இந்த வரிசையை மாற்றினால் வெள்ளிக்கிழமை வெண்டைக்காய் முற்றிப்போய்க் குப்பைக்குப் போகும்.

11-ம் தேதியும் 20-ம் தேதியும்

நோட்டில் ஆறு மாதம் எழுதிய பிறகு ஒரு விசித்திரம் தெரிந்தது. மாதத்தில் சில நாள் மட்டும் டப்பா கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பியது. 10, 11. அப்புறம் 18, 19, 20. என்ன சமைத்தாலும் அப்படித்தான். அவளிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள். மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்கு கொடுக்கிறவர்கள் போன மாத விற்பனை விவரத்தை 11-ம் தேதிக்குள் ஏற்ற வேண்டும், அந்தப் போன மாதக் கணக்கை 20-ம் தேதிக்குள் முடித்து வரியைக் கட்ட வேண்டும். எல்லாக் கட்சிக்காரர்களும் கடைசி நாளில்தான் பில்லைக் கொண்டுவந்து கொட்டுவார்களாம். அன்று கை கழுவிச் சோறு பிசைய நேரம் இருக்காது. பழைய பொட்டல நாள் எட்டும் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த நாட்களுக்குத் தனிச் சாப்பாடு. பொடி இட்லி ஆறு, ஒவ்வொன்றையும் நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவித் துணியில் சுற்றி. இட்லி சின்னதாக ஊற்றினால் ஒரு கையால் எடுத்துப் போட்டுக்கொண்டே கம்ப்யூட்டரைப் பார்க்கலாம். சட்னி கிடையாது, அதனால் கெடவும் கெடாது. இல்லாவிட்டால் சப்பாத்திக்குள் உருளை மசாலாவை வைத்துச் சுருட்டி, நான்காக வெட்டி அனுப்புவேன். சப்பாத்தி மாவை வெதுவெதுப்பான பாலில் பிசைந்தால் மதியம் வரை மெத்தென்று இருக்கிறது. இந்த நாட்களில் நாலு மணிக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம். டீயை அவள் கடையில்தான் குடிப்பாள். அதையும் பிளாஸ்கில் கொடுத்துவிட ஆசைப்பட்டேன். "அஞ்சு நிமிஷம் வெளிக்காத்து வாங்கவும் விட மாட்டீங்களா?" என்றாள். விட்டுவிட்டேன். 12 ரூபாய்க்கு அது நியாயமான விலைதான்.

உங்கள் வீட்டுக்காரரோ வீட்டம்மாவோ ஜவுளிக்கடையில் இருந்தால் தீபாவளிக்கு முந்தின மாதம் இப்படி இருக்கும். பள்ளிக்கூடத்தில் இருந்தால் பரீட்சை சமயம். அந்த நாட்களைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மிச்சம் எங்கே?

இப்போது மாதக் கணக்கு. 23 நாள் வீட்டுச் சாப்பாடு, 35 வீதம் 805 ரூபாய். வெளியே இரண்டு நாள், ஒரு பிரியாணி ஒரு மெஸ், 290. ஆக 1,095. முன்பு 2,560. மதியத்தில் மட்டும் 1,465 மிச்சம். வடைக்குப் பதில் வேர்க்கடலை என்பதில் இன்னும் ஒரு 125. சேர்த்தால் 1,590.

முதல் மாதம் இப்படி வரவில்லை. டப்பா வாங்கியது, திரும்பி வந்த சோறு, கெட்டுப்போன தேங்காய்ச் சாதம், சமாதானத்துக்கு வாங்கிய பிரியாணி எல்லாம் போக 600 ரூபாய்கூட நிற்கவில்லை. மூன்றாம் மாதம்தான் நிலைக்கு வந்தது. அப்போது இன்னொரு ஏமாற்றம். காகிதத்தில் 1,500 மிச்சம், கையில் ஒன்றும் இல்லை. செலவாகாத பணம் தானாக ஓரிடத்தில் போய் உட்காருவதில்லை. அது ஆன்லைனில் சுடிதாராகிறது, எனக்குப் புது பாபின் கேஸாகிறது, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மொய்யாகிறது.

அதனால் தபால் ஆபீஸில் ஆர்.டி. போட்டோம், மாதம் 1,500. நூறு ரூபாயிலிருந்தே போடலாம், ஐந்து வருஷக் கணக்கு. அவளுக்குச் சம்பளம் வந்த மறுநாள் முதல் செலவாக அதைக் கட்டிவிடுகிறோம். மாதக் கடைசியில் மிஞ்சினால் கட்டலாம் என்று இருந்திருந்தால் இன்றுவரை ஒரு தவணைகூடக் கட்டியிருக்க மாட்டோம். அறுபது மாதத்தில் அசல் மட்டும் 90,000 ரூபாய், வட்டி தனி. அதில் எனக்கு ஓவர்லாக் மெஷின் வேண்டும் என்கிறேன். அவள் வேறு ஏதோ வைத்திருக்கிறாள், இன்னும் சொல்லவில்லை.

என் உழைப்புக்குக் கூலி போட்டாயா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். போடவில்லை. காலை ஆறிலிருந்து ஏழு வரை யாரும் ரவிக்கைத் துணி கொண்டுவருவதில்லை. கொண்டுவந்தால் அன்று புளிக்காய்ச்சல்.

இன்றைக்குத் தேதி 10. நாளைக்குப் பொடி இட்லி. மத்தியானம் போட்ட உளுந்து ஊறியிருக்கும், ஆட்டப் போக வேண்டும்.